வீட்டில் சொல்ல வைத்திருந்த பெயர்

சவாரிப் பள்ளியில் அவரை எல்லோரும் 'மெதுவா' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு 'மெதுவா அண்ணன்' என்பார்கள். முரட்டுக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே "மெதுவா... மெதுவா..." என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்; அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ மெதுவானவர் இல்லை. ஒல்லி உடம்பு, வில் மாதிரி வளைந்த கால்கள். விடிந்தது முதல் லாயத்துக்கும் மைதானத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

முதுகில் மனிதனை ஏற்றியே பழகாத குதிரைகளைச் சேணத்துக்குப் பழக்குவது அவர் வேலை. பழக்கிய குதிரைக்குப் பெயர் வைப்பதும் அவர்தான். அப்படி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. தானாக எடுத்துக்கொண்ட வேலை. தான் ஏறி உட்காராத குதிரைக்குப் பெயர் வைக்க மாட்டார்.

"ஆளு யாருன்னே தெரியாம எப்படிப் பேர் வைக்கிறது?" என்பார்.

பெயர்கள் எல்லாம் புராணத்திலிருந்துதான். நாசி கம்பி வேலியில் மாட்டிக் கிழிந்திருந்த வெள்ளைப் பெட்டைக்குச் சூர்ப்பனகை. தன் தொட்டியை நக்கி முடித்துவிட்டுப் பக்கத்துத் தொட்டிக்குக் கழுத்தை நீட்டுகிறவன் பகாசுரன். பார்க்க மான்குட்டி போல நின்று, ஏறிய பிறகு வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்த் தள்ளிவிடும் செந்நிறக் குதிரை மாரீசன். பள்ளியின் செயலாளருக்கு இதில் தீராத மனக்குறை.

"அண்ணே, டைமண்ட், ராக்கெட்னு ஸ்டைலா ஏதாவது வைக்கக் கூடாதா? 'போய் சூர்ப்பனகை மேல ஏறு'ன்னு சொன்னா பிள்ளைங்க அழுவுதுங்க."

"அழுதுட்டு ஏறிடுதுங்கல்ல சார்? அப்புறம் என்ன?"

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. கதைகளெல்லாம் மனைவி படித்துச் சொன்னவை. அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நீராவியில் நின்று விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, சாயங்காலம் கால்களை நீட்டி உட்கார்ந்து, அட்டை கிழிந்த ஒரு தடிமனான புராணப் புத்தகத்திலிருந்து உரக்கப் படிப்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து கடிவாள வார்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் கேட்ட சத்தம் பெரும்பாலும் இது ஒன்றுதான். எந்தக் குதிரைக்கு என்ன பெயர் என்பதை முதலில் மனைவியிடம் சொல்வார். அவள் தலையாட்டிய பிறகுதான் அது லாயத்துக்குப் போகும். இத்தனைக்கும் அவளுக்குக் குதிரை என்றாலே பயம். ஒருநாள்கூட லாயத்துக்குள் கால் வைத்ததில்லை.

அந்தக் கறுப்புக் குதிரை மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்கும்போதே சாய்வுப் பலகையை உதைத்துப் பிளந்துவிட்டது. லாயத்தில் தீவனமும் கழுவலும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர். நாற்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருப்பதால் 'குண்டூசி' என்று பெயர். அவர் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அண்ணே, இது குதிரையில்ல. இதைத் திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க."

 மெதுவா, மைதானத்தை வளைத்து வளைத்து ஓடிக்கொண்டிருந்த அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. வெயிலில் திரும்பும்போது நீலம் அடித்தது. வேலி வரை வேகமாக வந்து, மோதப் போகிறது என்று எல்லோரும் கத்துகிற நேரத்தில் பட்டென்று திரும்பியது. மறுபடி ஓடியது. கோபத்தில் ஓடவில்லை அது. ஓட இடம் கிடைத்துவிட்டது என்று ஓடியது. அவருக்கு அது புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்: "ஒருத்தன் வந்திருக்கான்."

பிறகு வந்த வாரங்களில் அவர் அதன் பக்கத்தில் நிற்பார், நடப்பார், வெறும் துணியை முதுகில் போட்டு எடுப்பார். இரண்டு முறை தூக்கி எறிந்தது. ஒரு முறை தோள்பட்டையைக் கவ்வி, பல் பதிந்தது. வீட்டில் அந்த இடத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனைவி கேட்டாள்:

"இதுக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க? இராவணன்னா?"

"சீ. அவன் நல்லவன். விளையாட்டுக்குக் கடிச்சான்."

"நல்லவனா? அப்ப கர்ணன்னு வைங்க."

"கர்ணனா..." என்று இழுத்தார். "வேணாம். கடைசியில தேரு மண்ணுல மாட்டிக்கும். ஓடுறவனுக்கு அந்தப் பேரு ஆகாது."

"அபிமன்யு?"

"உள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது. வேற சொல்லு."

"இந்திரஜித்து."

"அப்பன் பண்ணின தப்புக்குப் பிள்ளை செத்தான். பாவம்."

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். வாலி என்றாள், மறைந்திருந்து அடித்துக் கொன்ற கதை அவருக்குப் பிடிக்காது. கடோற்கசன் என்றாள், அவனை யாருக்காகவோ காவு கொடுத்தார்கள் என்றார். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"புராணத்துல நிம்மதியாச் செத்தவன் யாருங்க இருக்கான்? எல்லாருக்கும் ஒரு அம்பு காத்துக்கிட்டுத்தான் இருக்கு. இந்தாங்க, பாற்கடல்ல பிறந்த குதிரையே இருக்கு. உச்சைச்சிரவஸ்."

"அந்தப் பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் ஊரைத் தாண்டிருவான்."

இப்படியே பல சாயங்காலங்கள் போயின. தன் மகளுக்குப் பெயர் வைக்கக்கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை என்று அவள் குத்திக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை. "அவளுக்கு நீ இருந்த. இவனுக்கு யாரு இருக்கா?" என்றார். எந்தப் பெயரும் ஒட்டவில்லை. நான் இன்னும் ஏறவில்லையே, ஏறினால் தானாக வரும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஏறிய நாள் காலையில் மைதானத்தில் குண்டூசியைத் தவிர யாரும் இல்லை. குண்டூசி தீவன அறை வாசலில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குதிரை முதலில் ஒரு துள்ளு துள்ளியது, பிறகு அவர் எடை தன் மேல் இருக்கிறது என்பதை யோசிப்பது போல நின்றது, பிறகு ஓடியது. குண்டூசி மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மெதுவா ஒரு குதிரை மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததை அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தார்.

இறங்கி, லகானைப் பிடித்து லாயத்துக்கு நடத்திக்கொண்டு போகும்போது மெதுவா உரக்கச் சொன்னார்: "பேரு கிடைச்சிருச்சுடா!"

"என்ன பேருண்ணே?"

"வீட்ல சொல்லிட்டுத்தான் உனக்கு."

சேணத்தை அவிழ்க்க உள்ளே போனவர் வெளியே வரவில்லை. தடாலென்று ஒரு சத்தம். பிறகு குதிரை வீறிட்டுக் கனைப்பதும் பலகைச் சுவரை உதைப்பதும் கேட்டது. குண்டூசி ஓடிப்போய்ப் பார்த்தபோது மெதுவா வைக்கோலில் கிடந்தார். நெற்றியில் இரத்தம். பாதி அவிழ்ந்த சேணம் வயிற்றுக்கடியில் தொங்க, குதிரை மிரண்டு அவரைச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர் யாரானாலும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார். குண்டூசியும் அதைத்தான் நினைத்தார்.

"எமன்... எமன் அடிச்சுட்டான்!" என்று கத்திக்கொண்டே அவரை இழுத்து வெளியே போட்டார்.

மனைவி வேலை பார்த்த மருத்துவமனைக்கே அவரைக் கொண்டுபோனார்கள். அவள் சலவைக்கூடத்து உடையோடேயே மேல்மாடிக்கு ஓடினாள். அங்கிருந்த டாக்டர் அவளை உட்கார வைத்துப் பேசினார்.

"உதை எதுவும் படலம்மா. மூளைக்குப் போற இரத்தக் குழாய் அடைச்சிருக்கு. அதனால விழுந்திருக்கார். நெத்திக் காயம் விழுந்ததுல பட்டது, அது ஆறிடும்."

"மத்தது?"

 "வலது பக்கம் கை கால் வராது. பேச்சும்... பார்க்கலாம்."

வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வேண்டாமென்றாலும் அதான். வலித்தாலும் அதான். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்று ஆட்டிவிட்டு, கொடுத்ததைத் தட்டிவிடுவார். உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

குண்டூசி அடிக்கடி வந்து பார்த்தார். வந்தால் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுவார்.

"அந்த எமனை நான் அன்னிக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன்க்கா. அண்ணன் கேக்கல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மெதுவாவின் முகம் மாறியது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். "அதான்! அதான்! அதான்!" வாயோரம் எச்சில் வழிந்தது. குண்டூசி அதைத் தன் பேச்சுக்குச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுதார். மனைவிக்குத்தான் புரிந்தது, அது சம்மதமில்லை என்று.

"அவரை அந்தக் குதிரை ஒண்ணும் பண்ணலப்பா. டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் லாயத்துலயா இருந்தாரு? நான் பார்த்தேன்க்கா. என் கண்ணால பார்த்தேன்."

கறுப்புக் குதிரைக்குப் பள்ளி முழுக்க எமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குழந்தைகள் அதன் அறைப் பக்கம் போவதில்லை. அதை வெளியே விடவும் யாரும் துணியவில்லை. உள்ளேயே நின்று நின்று அது பலகையைக் கடித்தது, உதைத்தது. உதைக்க உதைக்க அந்தப் பெயர் அதற்கு இன்னும் பொருந்திப்போனது.

மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கண்டுபிடித்த பெயரைத் தெரிந்துகொண்டு போய்ச் சொன்னால் என்ன? அவர் வைத்த பெயர் என்றால் குண்டூசி கேட்பார். மற்றவர்களும் எமன் என்பதை விட்டுவிடுவார்கள். விட்டால் பயமும் கொஞ்சம் குறையுமே.

சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். எண்ணெய்க் கிண்ணமும் வார்களும் மூலையில் அப்படியே கிடந்தன.

"என்னங்க, நான் ஒவ்வொரு பேரா சொல்றேன். அந்தப் பேரு வந்ததும் என் கையை அமுக்குங்க. சரியா?"

"அதான்" என்றார்.

"அருச்சுனன்."

அமுக்கினார். அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அருச்சுனனா? அதுதானா?"

"அதான்... அதான்..." என்றவர் கையை உதறி, இல்லை என்பது போல முகத்தைத் திருப்பினார்.

"கருடன்?" அமுக்கினார். "வாயு?" அமுக்கினார். "பரசுராமன்? பிரகலாதன்?" எல்லாவற்றுக்கும் அமுக்கினார், எல்லாவற்றுக்கும் அதான் என்றார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வந்துவிடும் என்று நம்பித்தான் வாயைத் திறந்தார்; வந்த சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். அவள் நிறுத்தவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் படித்தாள். தேவர்கள், அசுரர்கள், முனிவர்கள், ஆறுகள், ஆயுதங்களின் பெயர்கள்கூட. கடைசியில் ஒருநாள் அவர் இடது கையை நீட்டி, அவள் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளும் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம், அந்தக் குதிரை மேல் தப்பில்லை என்று சொல்லச் செயலாளரைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆனா பிள்ளைகளை அனுப்புறவங்க என்னைத்தானே பிடிப்பாங்க? இன்னொருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? அண்ணன் இருந்தா வேற. அவரைத் தவிர வேற யாராலயும் அதுகிட்டப் போக முடியல."

"அவரு இருக்காரு சார்" என்றாள்.

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்கக்கா. அந்த அர்த்தத்துல சொல்லல." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாளைக்குக் குதிரை வியாபாரி வர்றாரு. ஏத்தி அனுப்பிடறோம்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனாள். முதல் தடவையாக லாயத்துக்குள் நுழைந்தாள். சிறுநீர் வாடையும் வைக்கோல் வாடையும் மூக்கைத் துளைத்தன. இவ்வளவு காலமும் அவர் சட்டையில் துவைத்தும் போகாமல் இருந்த வாடை. கடைசி அறையில் அது நின்றது. விலா எலும்பு தெரிந்தது. நீலம் அடிக்கும் என்று அவர் சொல்லியிருந்த உடம்பில் சாணம் அப்பிக் காய்ந்திருந்தது. கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டு அவள், "அவருக்கு உடம்பு சரியில்லப்பா. அதான் வரல" என்றாள். அது காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. மேற்கொண்டு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட ஒரு பெயராவது இருந்திருந்தால் பேசியிருப்பாள்.

வியாபாரி வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தான். குதிரையின் கண்ணைத் துணியால் கட்டி, கயிறுகளைக் கழுத்தில் போட்டு இழுத்தார்கள். அது பின்னங்காலில் எழுந்தது; சறுக்கி முழங்காலில் விழுந்தது; அடித்து எழுப்பினார்கள். பலகையில் ஏற்றி முடிக்கும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. வியாபாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"இதுக்குப் பேரு ஏதாவது இருக்கா?"

"எமன்" என்றார் குண்டூசி.

"இல்ல!" என்றாள் அவள்.

வியாபாரி திரும்பிப் பார்த்தான். "பின்ன என்னம்மா பேரு?"

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நாளும் படித்த பெயர்களெல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து தொண்டையில் நின்றன. எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். அவர் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு தவிக்கும்போது இவள் வேறொன்றைச் சொல்லி அனுப்புவதா? குண்டூசி, செயலாளர், வியாபாரி எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வண்டிக்குள்ளிருந்து பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியல" என்றாள்.

"அப்ப எமன்னே இருக்கட்டும்" என்று சிரித்தான் வியாபாரி. "பேரைக் கேட்டே வாங்குறவன் தள்ளி நிப்பான்."

வண்டி கிளம்பிப் போனது.

அவள் வீட்டுக்கு வந்ததும் அவர் அவள் முகத்தையே பார்த்தார். எங்கே போய்விட்டு வந்தாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் புடவையிலிருந்து லாயத்து வாடை வந்தது. அவள் ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நல்ல இடத்துக்குப் போயிருக்குங்க. பெரிய மைதானமாம். வேலியே கிடையாதாம். நல்லாப் பார்த்துக்குவாங்களாம்."

அவர் எதுவும் சொல்லவில்லை. இருந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சில வாரங்கள் போராடிப் பார்த்துவிட்டு, "அவரு மனசு வைக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலையையும் அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை. மகள் வந்து இரண்டு பேரையும் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். அவருக்குக் கொடுத்த அறையின் ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் சுவரும் கழிவுநீர்க் குழாய்களும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு அவர் படுத்திருந்தார்.

மகள் நல்லவள்தான். அம்மா எதற்காவது வாய்விட்டு அழுதால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தாள்.

"ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம்டி. வாய்க்கு வந்த ஏதாவது ஒண்ணு. அந்தப் பேரோட போகாமலாவது இருந்திருக்கும்."

"விடும்மா. அதுக்கு என்ன தெரியப் போகுது, எமன்னா என்னன்னு?"

"அதுக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியும்ல?"

மகள் அப்பாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது, அவர் உயிர் போனது. குண்டூசி சேதி கேட்டு இரவெல்லாம் பயணம் செய்து வந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, கட்டடத்து வாசலில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த வியாபாரியை ரெண்டு தடவை தேடிப் போனேன்க்கா. குதிரையை அன்னிக்கே வேற ஆளுக்குக் கை மாத்திட்டானாம். எங்க இருக்குன்னு தெரியல. உயிரோட இருக்கான்னும் தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

இல்லை என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான்தான்க்கா முதல்ல அப்படிக் கத்தினேன். என் வாய்தான்..."

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அவளுக்கு வாய் வரவில்லை. "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகள் பிடிக்க வந்த கையை விலக்கி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.